கூன் மலைப் பல்லிகளைக் குடிபெயர்த்தவள் எழுதுவது

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஆஸ்திரேலியாவிலிருந்து பேசினாய். "மா, அடுத்த மாசம் வாரேன். வந்த மறுநாளே கூன் மலைக்குப் போலாம். உங்க தலைவிளக்குக்கு பேட்டரி மாத்தி வைங்க" என்றாய். குரலில் அவ்வளவு சந்தோஷம். "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தவள், அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து வாசம் வந்த பிறகுதான் எழுந்தேன். உன்னிடம் ஒரு விஷயத்தை இரண்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். சொல்லவில்லை என்பதுகூடச் சரியில்லை, கேட்டபோதெல்லாம் பொய் சொன்னேன். "குகை எப்படி இருக்கு மா?" என்று நீ கேட்பாய். "அப்படியே இருக்கு" என்பேன். குகை அப்படியே இல்லை. இதைப் போனில் சொன்னால் நீ பாதியிலேயே "பரவால்ல மா" என்று சொல்லிவிடுவாய். அந்த வார்த்தை காதில் விழுந்தால் மிச்சத்தை நான் முழுங்கிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளியில் ஆறாவதோடு நின்றவள்தான். ஆனாலும் எழுத்து இன்னும் கையில் இருக்கிறது, முட்டிதான் போய்விட்டது. இதை நீ மட்டும் படிக்கப் போவதில்லை. அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் கொஞ்சம் சொல்லிக்கொண்டே போகிறேன், பொறுத்துக்கொள்.

ஈப்போ டவுனிலிருந்து அரை மணி நேரம் காடி ஓட்டினால் கூன் மலை வந்துவிடும். சுண்ணாம்புக் கல் மலை. தூரத்திலிருந்து பார்த்தால் முதுகு வளைந்த கிழவர் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும், அதனால் தோட்டத்து ஆட்கள் வைத்த பெயர். அதன் அடிவாரத்தில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில்தான் நான் பிறந்தேன், அங்கேதான் ரப்பர் பால் வெட்டினேன், உன் அப்பாவைக் கட்டிக்கொண்டேன். அப்போது சுற்றிலும் கித்தா என்கிற ரப்பர் மரங்கள். இப்போது எண்ணெய்க்கான செம்பனை. மலையின் முன்பக்கக் குகையில் அம்மன் கோயில் இருக்கிறது. குகைக்கு இரண்டு கட்டு. முன்கட்டில் அம்மன். பின்கட்டு இருட்டாக, ஈரமாக இருக்கும். மேலே ஒரு பிளவு வழியாகக் காய்ந்த இலைகள் விழுந்து குவியும், விழுந்த பாறைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். சின்ன வயதில் எங்களை அங்கே போகவிட மாட்டார்கள். பாம்பு இருக்கும் என்பார்கள். பாம்பை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அங்கே வேறொன்று இருந்ததும் எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது, அதுவும் நீ சொல்லி.

உனக்கு ஏழு வயதிருக்கும்போது தலையில் பல்லி விழுந்தது ஞாபகம் இருக்கிறதா? நான் பதறிப்போய் உன்னைக் குளிப்பாட்டி, காலண்டருக்குப் பின்னால் பல்லி விழும் பலன் பார்த்து, அன்றைக்கே கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் நீ கேட்டுக்கொண்டே வந்தாய்: "மா, பல்லி மேல நான் விழுந்தா அதுக்கு யாரு பலன் பாப்பாங்க?" உன் அப்பா லாரி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நீ பள்ளியின் கடைசிப் பரீட்சையான எஸ்.பி.எம். முடித்துவிட்டு விலங்கியல் படிக்கப் போகிறேன் என்றபோதும் நான் சிரிக்கவில்லை. நர்ஸ் வேலைக்குப் போ என்று இரண்டு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தேன். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் "பல்லி டாக்டர் வந்தாச்சு லா" என்று கேலி செய்வார்கள். நீ என்னைப் பார்ப்பாய், நான் ஏதாவது சொல்வேனா என்று. நான் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். என் தப்புகளின் பட்டியலில் அதுதான் முதலாவது. பெரிய தப்பு இல்லை என்றாலும் இன்னும் உறுத்துகிறது.

பட்டம் வாங்கி மேற்படிப்பில் சேர்ந்தபோது ஆராய்ச்சிக்குக் கூன் மலைக்கே போக வேண்டும் என்று வந்து நின்றாய். பொழுது சாய்ந்த பிறகுதான் பல்லி வெளியே வரும், தனியாகப் போகக் கூடாது என்று உன் ஆசிரியர் சொல்லியிருந்தார். கூடப் படிக்கும் பையன்கள் வரட்டுமா என்று கேட்டாய். நான்தான் வீம்புக்கு "வேணாம், நானே வாரேன்" என்றேன். ஹோட்டலில் நாள் முழுக்க அறைகளைத் துடைத்துவிட்டு, பஸ் ஏறி வந்து, பால் வெட்டிய காலத்துத் தலைவிளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு உன் பின்னால் நடந்தேன். அன்றைக்கு முதலில் பார்த்தது நான்தான். இருட்டில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடந்த கண் இது. பாறை இடுக்கில் இரண்டு சின்னச் சிவப்புப் பொட்டுகள் மின்னின. "சிலந்தியா?" என்றேன். "சிலந்தி கண்ணு பச்சையா மின்னும் மா. அசையாதீங்க, அதான், அதான்" என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாய். நகம் பதிகிற அளவுக்குப் பிடித்தாய்.

என் சுண்டுவிரல் நீளம்கூட உடம்பு இல்லை. தவிட்டு நிறம், வாலில் மட்டும் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள். வாலைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு, ஏதோ அவசர வேலை இருப்பவள் மாதிரி இலைச் சருகில் நடந்தது. வீட்டுப் பல்லிக்குக் காலில் ஒட்டும் தட்டை இருக்கும், இதற்கு இல்லை, விரல் வளைந்து நகம்தான் பிடிமானம் என்றாய். அதனால் வழவழப்பான சுவரில் இதால் ஏற முடியாது. தரையிலும் சொரசொரப்பான பாறையிலும்தான் வாழ்க்கை. கண்ணுக்கு இமை கிடையாது, நாக்காலேயே கண்ணைத் துடைத்துக்கொள்ளும். ஒரு தடவைக்கு இரண்டே முட்டை, பாறை இடுக்கில் வைக்கும். கத்தாது, யாருக்கும் பலன் சொல்லாது. எல்லாம் சொல்லிவிட்டு நீ ஒன்று சொன்னாய், அதை நான் மறக்கவில்லை. "மா, இதுக்கு இந்த ஒரு மலைதான் ஊரு. பக்கத்து மலையில இருக்குறது வேற ஜாதி. செம்பனைக்குள்ள எறங்குச்சுன்னா சூட்டுலயே செத்துப் போயிரும். கடல் நடுவுல தீவு மாதிரி மா." இந்த வார்த்தைகளை எழுத்து மாறாமல் எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரியாது என்று நான் யாரிடமும் சொல்லித் தப்பிக்கக் கூடாது என்பதற்காகத்தான் எழுதினேன்.

அந்த இரண்டு வருஷம்தான், உன் அப்பா காலமான பிறகு நான் நிம்மதியாக இருந்த காலம். வாரம் மூன்று நாள் போவோம். நீ வால் பட்டைகளைப் படம் பிடித்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுப்பாய், நான் பெயர் வைப்பேன். அறுந்து முளைத்த வாலில் பட்டை இருக்காது, மொட்டையாக இருக்கும். அப்படி ஒன்றுக்கு நம் பழைய தோட்டத்தில் கணக்கெழுதிய வழுக்கைத் தலைக் கிராணியின் பெயரை வைத்தேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். ஒருநாள் பின்கட்டில் தேங்கிய தண்ணீரில் சறுக்கி விழுந்து முழங்காலில் கிழித்துக்கொண்டாய். மஞ்சள் வைத்துக் கட்டினோம். பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது, கண் மஞ்சளானது, மூத்திரம் நின்றது. எலி மூத்திரக் காய்ச்சல் என்றார் டாக்டர். குகைத் தண்ணீரில் இருந்திருக்கலாம், காயம் வழியாக ஏறியிருக்கலாம் என்றார். ஒன்பது நாள் உன்னைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். உன் வாயில் குழாய். பெற்ற வயிறு எரிந்தது என்று சொல்வார்களே, எரிந்தால்கூடப் பரவாயில்லை, எனக்கு உடம்பே மரத்துப் போயிற்று. அங்கே நின்றபடியேதான் அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன்: என் பிள்ளை எழுந்து நடந்தால் உன் குகைக்குத் தரை போட்டுத் தருகிறேன், ஈரமும் எலியும் இல்லாமல் பளிங்கு மாதிரி ஆக்கித் தருகிறேன். ஆயுசு முழுக்க அடுத்தவர் தரையைத் துடைத்தவளுக்கு வேறு என்ன வேண்டிக்கொள்ளத் தெரியும்?

நீ எழுந்தாய். நடந்தாய். வெளிநாட்டில் படிக்க இடமும் கிடைத்தது, அதுவும் இந்தப் பல்லிகளால்தான். நீ விமானம் ஏறிய அடுத்த மாதம் கோயில் கூட்டத்தில் கும்பாபிஷேகம் பற்றிப் பேச்சு வந்தது. நான் எழுந்து என் வேண்டுதலைச் சொன்னேன். கோயில் கமிட்டித் தலைவரண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நல்லது லா அக்கா! பின்கட்ட சுத்தம் பண்ணிட்டா அன்னதானப் பந்தியே அங்க போட்டுறலாம். மழையில நம்ம சனம் இனிமே வெளிய நிக்க வேணாம்" என்றார். சிமெண்டும் கல்தூளும் பக்கத்துக் குவாரி கொடுத்தது, அவர்களே லாரியில் கொண்டுவந்து கொட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் குழு வரிசையாக நின்று பாறைகளைக் கைமாற்றி வெளியே போட்டோம். இலைச் சருகைப் பன்னிரண்டு கோணிகளில் அள்ளினோம். பிளவை ஜிங்க் தகரம் போட்டு மூடினோம். எலிக்கும் கரப்பானுக்கும் மருந்து அடித்தோம். எல்லா வேலையிலும் நான்தான் முன்னால். "அக்காவுக்கு வயசே ஆவல" என்று மற்றப் பெண்கள் சொல்லும்போது பெருமையாக இருந்தது. நேர்த்திக்கடன் என்று வந்துவிட்டால் நாம் கேள்வி கேட்பதில்லை. சாமிக்குச் செய்கிற காரியத்தில் தப்பு இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தோன்றவே இல்லை என்று இப்போது எழுதியது பொய். எழுதியதை அடிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும், எனக்குப் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று நீயும் பார். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய பாறையைப் புரட்டியபோது அடியில் இரண்டு வெள்ளை முட்டைகள் இருந்தன, குண்டுமணியைவிடக் கொஞ்சம் பெரிது. ஒன்று உடைந்துவிட்டது. பக்கத்தில் அந்தப் பட்டை வால் ஓடியது. ஒரு பெண் செருப்பைத் தூக்கினாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டு, முறத்தால் அதைப் பிடித்து, காலி பிஸ்கட் டின்னில் போட்டேன். அன்றைக்கும் அடுத்த ஞாயிறும் சேர்த்து ஏழு பிடித்தேன். மொட்டை வால் கிராணியும் அதில் இருந்தார். டின்னின் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, கொஞ்சம் சருகும் போட்டு, கோயிலுக்கு எதிரே சாலையைத் தாண்டிச் செம்பனைக்குள் கொண்டுபோய், வெட்டிப்போட்ட மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் திறந்துவிட்டேன். அவை உடனே ஓடவில்லை. வெளிச்சத்தில் கண்ணை நக்கிக்கொண்டு நின்றன. "போங்க, பக்கந்தானே" என்று சொன்னேன். காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். நீ சொன்னது அப்போது என் காதில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஐம்பதடி தூரம்தானே, இதுவா வேறு ஊர் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பல வருஷத்துக்கு முன்னால் எங்கள் கித்தாத் தோட்டத்தை விற்றபோது மானேஜர் எங்களை அலுவலகத்துக்கு முன்னால் நிற்கவைத்து இதையேதான் சொன்னார். மூன்று மைல் தூரம்தானே, அடுக்குமாடி வீடு, தண்ணீர், கரண்ட், எல்லாம் வசதி என்றார். அவர் கெட்டவர் இல்லை, எங்களுக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தார். வீடு நல்ல வீடுதான். ஆனால் கோழி வளர்க்க முடியவில்லை, கீரை போட முடியவில்லை, வேலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. லயத்தில் இருபது வருஷம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் ஒரே கட்டடத்தில் வெவ்வேறு மாடியில் முகம் தெரியாதவர்களாகிப் போனோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, உனக்குத் தெரியும். அப்படிப்பட்ட நான், டின்னைக் கவிழ்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து குளித்து, வயிறாரச் சாப்பிட்டேன்.

கும்பாபிஷேகம் நன்றாக நடந்தது. உனக்குப் படங்கள்கூட அனுப்பினேன், முன்கட்டுப் படங்களை மட்டும். பின்கட்டின் சுவரில் உபயம் என்று போட்டு உன் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதையும் நீ வந்துதான் பார்க்க வேண்டியிருக்கும், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். விழா முடிந்து ஒரு மாதம் கழித்து எனக்கு மனசு கேட்கவில்லை. தலைவிளக்கை எடுத்துக்கொண்டு செம்பனைக்குப் போனேன். களைக்கொல்லி அடித்து மட்டைக் குவியல் எல்லாம் காய்ந்து கிடந்தது. பல நாள் போனேன், ஒன்றையும் பார்க்கவில்லை. பின்கட்டிலும் தேடினேன். டியூப் லைட் வெளிச்சத்தில் சுவரெல்லாம் வீட்டுப் பல்லிகள், கத்திக்கொண்டு பூச்சி பிடித்துக்கொண்டிருந்தன. நம் சுவருக்கு அவைதான் சரிப்பட்டன. தரை காய்ந்து, குளிர்ச்சி இல்லாமல், என் கைப்படத் துடைத்த தரையாக இருந்தது. அந்தத் தரையில் உட்கார்ந்து அழுதேன். விளக்கேற்ற வந்த பூசாரி பக்தி முற்றிவிட்டது என்று நினைத்து விபூதி கொடுத்துவிட்டுப் போனார்.

இந்த மட்டோடு போயிருந்தால் உன் காலில் விழுந்துவிட்டு, செத்ததை நினைத்து வருத்தப்பட்டுக்கொண்டே கிடந்திருப்பேன். போன மாதம் குவாரியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நம் தமிழ்ப் பிள்ளைதான், மரியாதையான ஆள். மலையின் பின்முகத்தை உடைக்க அனுமதி கேட்டிருக்கிறார்களாம். முன்னால் நீ எழுதிய கட்டுரையால் அரசாங்கம் யோசிக்கிறதாம். மறுபடி ஆய்வு நடக்கப் போகிறது என்றும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. "ஆன்ட்டி, நாங்க கோயில தொட மாட்டோம். பின்னால மட்டுந்தான். இப்ப அந்தப் பல்லி இங்க இல்லன்னு கமிட்டி ஒரு லெட்டர் குடுத்தா போதும். நீங்க ரிசர்ச்சுக்குக் கூடவே போனவங்க, நீங்க கையெழுத்துப் போட்டா எடுபடும்" என்றார். போகும்போது சிரித்துக்கொண்டே, "உங்க மகளும் வந்து தேடிப் பாக்கட்டுமே. ஒன்னும் கெடைக்காது. நீங்கதான் அவ்வளவு கிளீனா வச்சிருக்கீங்களே" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே பாராட்டினார்.

யோசித்துப் பார். அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூடப் பொய் இருக்காது. பல்லி இப்போது இங்கே இல்லை. நீ வருவாய், உன் பழைய இடத்தில் தேடுவாய், ஒன்றும் இல்லை என்று எழுதுவாய். இந்தச் சாதி தானாகவே அழிந்துவிட்டது, இனி மலையில் காப்பாற்ற ஒன்றுமில்லை என்று படிக்கிறவர்கள் முடிவுகட்டிவிடுவார்கள். ஆனால் மலையின் பின்முகத்தில் யாரும் துடைக்கவில்லை, யாரும் சிமெண்டு போடவில்லை. அங்கேயும் பிளவுகள் இருக்கின்றன, பாறைகள் கிடக்கின்றன, சருகு விழுகிறது. நீ முன்பே ஒருமுறை, அந்தப் பக்கமும் இருக்கும், ஆனால் ஏறுவதற்குக் கஷ்டம் என்று சொன்னாய். போன வாரம் நான் ஏறிப் பார்க்கப் போனேன். திட்டாதே. பாதி தூரம்கூட முட்டி விடவில்லை, உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கி வந்தேன். அங்கே இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தை வெடி வைத்து உடைப்பதற்கு என் தரை சாட்சியாகிவிடக் கூடாது.

தலைவரண்ணன் மூன்று முறை வீட்டுக்கு வந்தார். குவாரி கோயிலுக்குப் படிக்கட்டும் கூரையும் கட்டித் தரச் சம்மதித்திருக்கிறதாம். "ஒரு கையெழுத்து லா அக்கா. ஒரு பல்லிக்காக நம்ம கோயில் பேரு பேப்பர்ல நாறணுமா? சாமி காரியம் பண்ணி பாவம் பண்ணிட்டாங்கன்னு நாலு பேரு பேசுவான். அத உங்களால தாங்க முடியுமா?" என்று கேட்டார். முடியாது என்றுதான் நினைக்கிறேன். எனக்கு இந்த ஊரில் வேறு என்ன இருக்கிறது? வெள்ளிக்கிழமையானால் கோலம் போட, பூக் கட்ட, நாலு பெண்களோடு உட்கார்ந்து தேநீர் குடிக்க அந்த ஒரு இடம்தான். அறுபத்து மூன்று வயதில் புதிதாக ஒரு கூட்டத்தைத் தேடிப் போக என்னிடம் தெம்பில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், எனக்கு எதற்குமே தெம்பில்லை. களைத்துவிட்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் படுத்துத் தூங்கிவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். பிறகு நீ போன் செய்து பேட்டரி மாற்றச் சொன்னாய்.

அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் தாய் என்றால் நாலு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது போலிருக்கிறது. பயத்தில் இருக்கும்போது யாருக்கும் நல்லது செய்யாதே. அப்போது செய்கிற நல்லதில் எதிராளி இருக்க மாட்டார், நம் பயம்தான் இருக்கும். கண்ணாடிக்கு வெளியே நின்றவளுக்கு உன்னைத் தவிர உலகத்தில் எதுவும் உயிராகத் தெரியவில்லை. உனக்காக இப்படிச் செய்யட்டுமா என்று நான் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய். அதனால்தான் கேட்கவில்லை. நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறந்து, காய்ச்சலில் கிடந்தால், நீயும் ஏதாவது வேண்டிக்கொள்வாய். வேண்டிக்கொள். நிறைவேற்றுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளையிடம் கேள். இன்னொன்று, கேலி செய்கிற கூட்டத்தில் உன் பிள்ளை உன் முகத்தைப் பார்த்தால் சிரிக்காதே. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

இன்றைக்குக் காலையில் இந்தக் கடிதத்தின் இதுவரையிலான பக்கங்களை நகல் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். தலைவரண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றபடியே படித்தார். பிஸ்கட் டின் வருகிற பக்கத்தை இரண்டு தரம் படித்தார், பிறகு கடைசிவரை படித்தார். திட்டவில்லை. "ஸ்டோர் சாவிய குடுத்துட்டுப் போங்க அக்கா" என்றார். பதினோரு வருஷம் என் இடுப்பில் இருந்த சாவி. அவிழ்த்துக் கொடுத்தேன். வெளியே பூக் கட்டிக்கொண்டிருந்த பெண்களைத் தாண்டி வந்து பஸ்ஸில் உட்கார்ந்தேன். இன்னொரு நகலை நாளைக்குத் தமிழ்ப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். போடுவார்களோ மாட்டார்களோ.

நீ வந்ததும் முதலில் பின்முகத்தில் ஏறு. கூட இரண்டு பேரை அழைத்துக்கொள், பையன்களாகவே இருந்தாலும் சரி. காலில் நல்ல பூட்ஸ் போட்டுக்கொள், காயம் பட்டால் அன்றைக்கே டாக்டரிடம் போ. அதற்குப் பிறகு குகைக்கு வா. உன் நோட்டில் நேரம், இடம், எண்ணிக்கை, காரணம் என்று கோடு போட்டு வைத்திருப்பாயே, அதில் குகைக்கு நேராகச் சுழியம் போட வேண்டியிருக்கும். போடு. அடுத்து, காரணம் எழுதும் கட்டத்தில் உன் கை கொஞ்சம் தயங்கும். எனக்கு உன் கையைத் தெரியும், காரணம் தெரியவில்லை என்று எழுதி என்னைக் காப்பாற்றப் பார்ப்பாய். வேண்டாம். அந்தக் கட்டத்தில் என் பெயரை முழுசாக எழுது.